கேஸ் போயிடுச்சா, அழுக்கு ஏறிடுச்சா? – ஜன்னல் ஏசியைக் கழற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை

கத்திரி வெயில் ஆரம்பிக்கப் பத்து நாள் இருக்கும்போது அம்மா ரூம் ஏசி மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஓடுது, காத்து வருது, ஆனா ரூம் குளிரலை. 24-ல் வைத்தால் விடிய விடிய 28-க்குக் கீழே இறங்கவே இல்லை. அம்மாவுக்கு வயசு 74. ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் பிரஷர் ஏறிடும். அதனால் எங்க வீட்டில் இதை சொகுசு விஷயமா எடுத்துக்க முடியாது.

மெக்கானிக் தம்பி வந்தார். முன்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். பால்கனி வழியாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "காயில் கிளீனாத்தான் இருக்கு சார். கேஸ் போயிடுச்சு. ஃபுல்லா ஏத்தணும், 3500 ஆகும்" என்றார். மொத்தம் நாலு நிமிஷம்.

பணம் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஒரே ஒரு விஷயம் உறுத்தியது. அந்த ஏசி, கரண்ட் அளவைக் காட்டும் 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வழியாக ஓடுது. தொழில் புத்தி, எதையாவது லாக் பண்ணிக்கிட்டே இருக்கணும். போன வருஷம் இதே மாசம் கம்ப்ரஸர் ஓடும்போது 1650 வாட் காட்டியது. இப்போ 1880. கேஸ் குறைந்தால் வாட் கூடுமா, குறையுமா? கேட்டேன். "அதெல்லாம் அப்படித்தான் சார்" என்றார். "ரெண்டு நாள் கழிச்சு சொல்றேன் தம்பி"ன்னு அனுப்பி வைத்தேன்.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. நடுவில் நான் ஒரு தப்பும் பண்ணினேன், கொஞ்சம் ஆபத்தான தப்பு. அதையும் மறைக்காமல் கீழே எழுதியிருக்கிறேன். நான் ஏசி இன்ஜினியர் கிடையாது. என் வீட்டு ஏசியைப் புரிந்துகொள்ள எடுத்த குறிப்புகள்தான் இவை.

ஒரு பெட்டி, ரெண்டு அறை

ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. ரூமுக்குள் இருக்கும் சூட்டைத் தூக்கி வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற மாதிரி. வாளிக்குப் பதிலாக ரெஃப்ரிஜிரண்ட், நாம "கேஸ்"னு சொல்வது.

ஜன்னல் ஏசிக்குள் ரெண்டு காயில் உண்டு. ரூம் பக்கம் இருப்பது எவாபரேட்டர். அதற்குள் திரவ கேஸ் 7 முதல் 10 டிகிரி வாக்கில் கொதித்து ஆவியாகும். கொதிக்கத் தேவையான சூட்டை ரூம் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஆவியை கம்ப்ரஸர் இழுத்து அழுத்தி, தெருப் பக்கம் இருக்கும் கண்டென்ஸர் காயிலுக்குத் தள்ளும். அங்கே அது சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகும். பிறகு கேப்பிலரி என்ற மெல்லிய செம்புக் குழாய் வழியாக அழுத்தம் குறைந்து எவாபரேட்டருக்கே திரும்பும். இது மூடிய வட்டம். பைக்கில் பெட்ரோல் தீர்கிற மாதிரி கேஸ் தீராது. குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கு என்று அர்த்தம்.

ஸ்பிளிட் ஏசியில் இந்த ரெண்டு பக்கமும் தனித்தனிப் பெட்டி. ஜன்னல் ஏசியில் நடுவில் ஒரு தடுப்புதான். பெரும்பாலான ஜன்னல் ஏசிகளில் ஒரே மோட்டார். ரெண்டு பக்கமும் ஷாஃப்ட் நீட்டியிருக்கும். உள்பக்கம் அணில் கூண்டு மாதிரி ப்ளோயர் வீல், வெளிப்பக்கம் சாதாரண இறக்கை ஃபேன். ரூம் காற்றும் தெருக் காற்றும் கலப்பதில்லை. (பழைய மாடல்களில் "வென்ட்" என்று ஒரு சின்ன லீவர் இருக்கும். அது திறந்திருந்தால் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கலக்கும். எங்க வீட்டில் அது எத்தனை வருஷமாகத் திறந்தே கிடந்ததோ!)

"டன்" பற்றி ஒரு வார்த்தை. ஏசியின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ் கட்டி வைத்துக் குளிரவைத்த காலத்துக் கணக்கு இது. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் 1 டன். நம்ம கணக்கில் 3.5 கிலோவாட். எங்களுடையது 1.5 டன், ஆக சுமார் 5.2 கிலோவாட் வீதத்தில் சூட்டை வெளியே தள்ளணும். அதற்கு 1650 வாட் மின்சாரம் செலவு. போட்டதைப் போல மூணு மடங்கு சூடு வெளியே போகுது. சூட்டை உண்டாக்காமல் நகர்த்த மட்டும் செய்வதால்தான் இந்தக் கணக்கு சாத்தியம்.

1902-ல் வில்லிஸ் கேரியர் நியூயார்க் புரூக்ளினில் ஒரு அச்சகத்துக்காக இந்த மாதிரி இயந்திரத்தை முதலில் வடிவமைத்தபோது அவருக்குக் கொடுக்கப்பட்ட பிரச்சினை வெயில் இல்லை, ஈரப்பதம். காகிதம் ஈரத்தில் நீண்டு சுருங்கி கலர் பிசகியது. சென்னைக்காரங்களுக்கு இது உடனே புரியும். நம்ம ஊரில் ஏசி பாதி நேரம் பார்ப்பது ஈரத்தை வடிக்கும் வேலைதான். ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க சுமார் 0.68 யூனிட் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளியாகணும். பின்பக்கக் குழாய்க்கு ஒரு ராத்திரி பக்கெட் வைத்துப் பார்த்தேன். காலையில் 6 லிட்டர்.

ஒரே அறிகுறி, மூணு வியாதி

"ஓடுது, குளிரலை" என்பதற்கு முக்கியமாக மூணு காரணம் இருக்கலாம். டாக்டர் காய்ச்சலைப் பார்க்கிற மாதிரி, அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

முதலாவது, ஃபில்டரோ எவாபரேட்டரோ அடைத்திருப்பது. காற்று வரத்து குறையும். வருகிற கொஞ்சம் காற்று நல்லா ஜில்லென்றே இருக்கும், ஆனா ரூம் முழுக்கப் போகாது. காயிலுக்குப் போதிய சூடு கிடைக்காததால் அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய் ஐஸ் கட்டும். கட்டிய ஐஸ் மீதிக் காற்றையும் அடைக்கும்.

ரெண்டாவது, கண்டென்ஸர் அடைத்திருப்பது. காற்று வரத்து சாதாரணமாக இருக்கும், குளிர்ச்சி குறைவாக இருக்கும். வாட் கூடும். உச்சி வெயிலில் கம்ப்ரஸர் தானாக நின்று நின்று ஓடும்.

மூணாவது, கேஸ் கசிவு. காற்று வரத்து சாதாரணம், குளிர்ச்சி குறைவு. எவாபரேட்டரில் கேஸ் நுழைகிற ஓரத்தில் மட்டும் வெள்ளையாக உறைபனி, மீதிக் காயில் வறண்டு கிடக்கும். வாட் குறையும்.

இந்தக் கடைசி வரிதான் எனக்குத் தேவைப்பட்ட பதில். கம்ப்ரஸருக்கு இழுத்து அழுத்த கேஸ் குறைவாக இருந்தால் வேலையும் குறைவு, கரண்டும் குறைவு. கண்டென்ஸர் அடைத்தால் நிலைமை நேர் எதிர். வெளியே 35 டிகிரி என்றால், சூடு காற்றுக்குப் போக கேஸ் சுமார் 50 டிகிரியில் இருக்கணும். எங்க பழைய ஏசியில் இருப்பது ஆர்-22. அது 50 டிகிரியில் திரவமாக சுமார் 19 பார் அழுத்தம் வேண்டும். காயில் அடைத்து 60 டிகிரிக்குப் போனால் சுமார் 24 பார். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான் என்று வைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். அந்தக் கூடுதல் அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளத்தான் கம்ப்ரஸர் கூடுதல் வாட் கேட்கிறது.

எங்க ஏசி 1650-லிருந்து 1880-க்கு ஏறியிருந்தது. கேஸ் போனது என்ற கதைக்கு இது பொருந்தவில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. கண்டென்ஸர் அடைத்திருக்கும்போது மேலும் கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறும். அன்றைக்கு நான் தலையாட்டியிருந்தால் 3500 ரூபாய் கொடுத்து கம்ப்ரஸரின் ஆயுளைக் குறைத்திருப்பேன்.

உங்களிடம் ஸ்மார்ட் பிளக் இல்லையா? மெக்கானிக்கிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கும். "கேஸ் இல்ல"ன்னு சொன்னால், "ஆம்பியர் எவ்வளவு காட்டுது தம்பி? பிளேட்டில் எவ்வளவு போட்டிருக்கு?" என்று கேளுங்க. ஏசியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பிளேட்டில் சரியான ஆம்பியர் அச்சடித்திருக்கும். அளந்தது அதைவிட நல்லாவே குறைந்திருந்தால் கேஸ் குறைவு என்பதில் நியாயம் இருக்கு. கூடியிருந்தால் முதலில் கழுவச் சொல்லுங்க.

"காயில் கிளீனாத்தான் இருக்கு"

அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. பின்பக்கம் நானும் பார்த்தேன், அலுமினியத் தகடுகள் பளிச்சென்று இருந்தன. அப்புறம்தான் காற்று போகும் திசை உறைத்தது. ஜன்னல் ஏசியின் ஃபேன், பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்து, கண்டென்ஸர் வழியாகப் பின்பக்கம் ஊதித் தள்ளும். ஆக தூசி படிவது காயிலின் உள்முகத்தில், ஃபேனைப் பார்த்த பக்கத்தில். வெளியே நின்று எட்டிப் பார்ப்பவருக்குத் தெரிவது காற்று வெளியேறும் சுத்தமான முகம்.

இதோடு இன்னொரு சமாசாரம். நிறைய ஜன்னல் ஏசிகளில் ஃபேன் இறக்கையைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அது அள்ளி கண்டென்ஸர் மேல் வீசும். தண்ணீர் ஆவியாகும்போது காயில் கூடுதலாகக் குளிரும், வாட் மிச்சம். நல்ல யோசனைதான். ஆனா தெருப்புழுதியும் இந்தத் தண்ணீரும் சேர்ந்தால் களிமண். எங்க வீடு மெயின் ரோட்டிலிருந்து ரெண்டாவது கட்டடம். சேஸிஸை வெளியே இழுத்தபோது கண்டென்ஸரின் உள்முகத்தில் கீழ்ப்பாதி, போர்வை போர்த்தின மாதிரி சாம்பல் நிறத்தில் அடைத்துக் கிடந்தது. புறா இறகுகூட ரெண்டு ஒட்டியிருந்தது.

கழுவும் முறை

ஃபில்டர் கழுவுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சேஸிஸை வெளியே இழுப்பதற்குப் பலமும் ஆளும் வேணும். மனசில் தயக்கம் இருந்தால் அதை ஆள் வைத்துச் செய்யுங்க, பக்கத்தில் நின்று பாருங்க.

1. பிளக்கைப் பிடுங்குங்க. ரிமோட்டில் ஆஃப் பண்ணுவது போதாது, சுவிட்சை ஆஃப் பண்ணுவதும் போதாது. உள்ளே உருளையாக இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது இருக்கும் மின்பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

2. முன் கிரில்லைக் கழற்றி, சேஸிஸை வெளிக்கூட்டோடு இணைக்கும் ஸ்க்ரூக்களை எடுங்க. ஃபோட்டோ எடுத்துக்கிட்டே கழற்றினால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. வெளிக்கூடு ஜன்னலிலேயே இருக்கும், சேஸிஸ் மட்டும் ரூமுக்குள் நழுவி வரும். 1.5 டன் ஏசி 50 கிலோ வாக்கில் இருக்கும், கம்ப்ரஸர் பக்கம் கனம் அதிகம். ஏசி உயரத்துக்கே ஒரு உறுதியான மேஜையைப் போட்டு அதன் மேல் இழுத்தோம். அக்கா பையனும் வாட்ச்மேன் அண்ணனும் கை கொடுத்தார்கள். இழுக்கும்போது காயிலையோ செம்புக் குழாயையோ பிடிக்கக் கூடாது, அடித்தட்டைத்தான் பிடிக்கணும். குழாய் ஒரு இடத்தில் கீறினால் நிஜமாகவே கேஸ் போயிடும். சில மாடல்கள் இப்படி உள்ளே நழுவாது. மொத்தப் பெட்டியையும் இறக்க வேண்டி வரும். மாடியில் அந்த வேலையைச் சொந்தமாகச் செய்யாதீங்க.

3. பாத்ரூமுக்கோ மொட்டைமாடிக்கோ கொண்டுபோய், மின்பெட்டியையும் ஃபேன் மோட்டாரையும் பிளாஸ்டிக் கவரால் சுற்றிக் கட்டுங்க.

4. முதலில் உலர்ந்த வேலை. மென்மையான பிரஷ்ஷால் தகடுகளின் திசையிலேயே, மேலிருந்து கீழாக, தூசியைத் தட்டி எடுங்க. குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கும். காயிதத்தை விடக் கொஞ்சம்தான் தடிமன். மடங்கிய தகடுகளை நிமிர்த்த சீப்பு மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள்.

5. அப்புறம் தண்ணீர். செடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயர் போதும். கார் கழுவும் பிரஷர் பம்ப் பக்கத்தில் வைத்து அடித்தால் தகடுகள் படுத்துவிடும். காற்று போகும் திசைக்கு எதிர்த் திசையில் அடிக்கணும், அதாவது கண்டென்ஸருக்கு வெளிமுகத்திலிருந்து உள்முகத்துக்கு. அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும். உள்ளிருந்து அடித்தால் அழுக்கு காயிலுக்கு நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு போதும். ஆசிட், பாத்ரூம் கிளீனர், காஸ்டிக் சோடா எதுவும் வேண்டாம். மூன்றும் அலுமினியத்தைத் தின்னும்.

6. எவாபரேட்டரும் அப்படித்தான். கூடவே ப்ளோயர் வீலைப் பாருங்க. எங்களுடையதில் ஒவ்வொரு இதழிலும் கறுப்பாகப் பூஞ்சை. ஏசி போட்டதும் வரும் "ஈரத்துணி" வாசனை அங்கிருந்துதான். அம்மா ஏசி போட்ட கொஞ்ச நேரத்தில் இருமுவதை நாங்க வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழைய டூத்பிரஷ்ஷை வைத்து ஒவ்வொரு இதழாகத் தேய்த்தேன், முக்கால் மணி நேரம் ஆனது.

7. அடித்தட்டில் இருக்கும் சளி மாதிரியான படிவை வழித்தெடுத்து, தண்ணீர் போகும் ஓட்டையைக் கம்பியால் குத்திச் சுத்தம் பண்ணுங்க. "தண்ணி போகட்டும்"னு புதுசாக டிரில் போடாதீங்க. குழாய் எங்கே ஓடுதுன்னு மேலேயிருந்து தெரியாது.

8. நிழலில் காயட்டும். நாங்க நாலு மணி நேரம் விட்டோம். மாட்டிய பிறகு அரை மணி நேரம் ஃபேன் மட்டும், அப்புறம் கூலிங்.

நான் பண்ணிய தப்பு

மாட்டும்போது ஏசியை நேர்த்தியாக, ரசமட்டம் வைத்து, மட்டமாக உட்கார வைத்தேன். எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கணும் போல இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டில் மொத்த கரண்டும் போனது. இன்வெர்ட்டரைத் தவிர எல்லாம் இருட்டு. அம்மா ரூமில் போய் டார்ச் அடித்தால், ஏசியின் முன்பக்கத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், நேராகக் கீழே இருக்கும் பிளக் பாயின்ட் மேல்.

ஜன்னல் ஏசி மட்டமாக இருக்கவே கூடாது. தெருப் பக்கம் லேசாகச் சரிந்திருக்கணும், ஒரு செண்டிமீட்டருக்கு உள்ளேயான சரிவு. அப்போதுதான் எவாபரேட்டரில் வடியும் தண்ணீர் பின்னால் ஓடும். நான் மட்டமாக வைத்ததில் தண்ணீர் முன்பக்கமே தேங்கி வழிந்துவிட்டது. வீட்டுக் கரண்டை நிறுத்தியது மெயின் போர்டில் இருந்த 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இல்லையென்றால், மீதி எங்கேயோ கசிகிறது என்று புரிந்துகொண்டு கண் இமைக்கும் நேரத்தில் துண்டிக்கும் கருவி. நாங்க குடிவந்தபோது எலக்ட்ரீஷியன் அண்ணன் வற்புறுத்தி மாட்டினார். "எதுக்குண்ணே வீண் செலவு" என்று கேட்டவன் நான்.

அம்மா பாதித் தூக்கத்தில் எழுந்து அந்தச் சுவிட்சைத்தான் தொட்டிருப்பார்கள். அதை நினைத்து அன்றைக்கு விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் இன்றைக்கே செய்வீங்க என்றால், அது இதுவாக இருக்கட்டும்: உங்க மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கா பாருங்க. அதில் "டி" என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அழுத்தினால் கரண்ட் போகணும். போகவில்லையென்றால் உடனே மாற்றுங்க. சாதாரண எம்சிபி இந்த வேலையைச் செய்யாது. அது வயர் சூடாகாமல் காப்பாற்றும், ஆளை இல்லை. ஏசிக்குப் போகும் பிளக்கில் எர்த் சரியாக இருக்கா என்றும் பார்க்கச் சொல்லுங்க. பிளக் பாயின்டை நான் ஏசிக்குப் பக்கவாட்டில், தண்ணீர் விழ முடியாத இடத்துக்கு மாற்றிவிட்டேன்.

கழுவினதுக்குப் பிறகு கணக்கு

முன்பு: 1880 வாட், ராத்திரி 8 மணி நேரமும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓட்டம், 15 யூனிட். ரூம் 28 டிகிரி.

பிறகு: 1640 வாட், 24 டிகிரி வந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும், எட்டு மணி நேரத்தில் முக்கால் பங்கு நேரம்தான் ஓட்டம். ஃபேன் செலவையும் சேர்த்து 10 யூனிட்.

ராத்திரிக்கு ராத்திரி வெயில் மாறும், அதனால் இதைத் துல்லியமான பரிசோதனை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வாட் குறைந்ததற்கு வெயில் காரணம் இல்லை. கழுவின மறுநாள் முந்தைய நாளைவிடச் சூடு. ராத்திரிக்கு 5 யூனிட் என்றால், ரெண்டு மாச பில்லில் 300 யூனிட். யூனிட் ஏற ஏற ரேட்டும் ஏறும் நம்ம பில்லில், மிச்சமாவது மேல் படி ரேட்டில் இருக்கும் யூனிட்கள். காற்று உள்ளே போகும்போது 28, வெளியே வரும்போது 17 என்று தெர்மாமீட்டர் காட்டியது. இந்த வித்தியாசம் 8-லிருந்து 12 டிகிரிக்குள் இருந்தால் ஏசி ஆரோக்கியம் என்று வைத்துக்கொள்ளலாம். கழுவுவதற்கு முன் எங்களுக்கு 6 கூட வரவில்லை.

நிஜமாகவே கேஸ் போயிருந்தால்

அது வீட்டில் செய்கிற வேலையே இல்லை. ஆனா என்ன நடக்கணும் என்று தெரிந்திருந்தால் கேள்வி கேட்கலாம். ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றினால் அடுத்த கோடைக்குள் அதுவும் போயிடும். முறையான வரிசை இது: நைட்ரஜன் ஏற்றி ஓட்டையைக் கண்டுபிடிப்பது, பற்றவைப்பது, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது, பிளேட்டில் போட்டிருக்கும் கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்றுவது. தராசும் வேக்குவம் பம்ப்பும் இல்லாமல் வந்தால் யோசியுங்க.

எந்த கேஸ் என்பதும் முக்கியம். ஆர்-22 ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி ஒழிக்கப்பட்டு வருகிறது. புது ஏசிகளில் ஆர்-32, சிலவற்றில் ஆர்-290. ஆர்-290 என்பது புரொப்பேன், நம்ம சமையல் கேஸில் இருக்கும் சரக்குதான், நல்லாப் பற்றிக்கொள்ளும். ஆர்-32 அந்த அளவு இல்லையென்றாலும் அதுவும் எரியக்கூடியது. ஒன்றுக்கு வைத்த ஏசியில் இன்னொன்றை ஏற்ற விடாதீங்க.

வருஷம் முழுக்க

ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவி நிழலில் காயவைப்பது. அஞ்சு நிமிஷ வேலை. வெயிலில் போட்டால் சட்டம் வளைந்துவிடும்.

மாசம் ஒருமுறை ஆர்சிசிபி பட்டன், பின்பக்கம் தண்ணீர் ஒழுங்காகப் போகுதா என்ற பார்வை, ஏசியைச் சுற்றியிருக்கும் இடுக்குகளில் ஸ்பாஞ்ச் சரியாக இருக்கா என்ற பார்வை. இடுக்கு வழியாக அனல் காற்றும் வரும், கொசுவும் வரும்.

பங்குனியில், கோடைக்கு முன், ஒரு முழுக் கழுவல். அப்போது மெக்கானிக்குகளுக்கும் நேரம் இருக்கும், நிதானமாகச் செய்வார்கள். பக்கவாட்டு ஓட்டைகள் சுவருக்குள் புதைந்து அடைபடாமல் வெளியே தெரிகிறதா என்றும் பாருங்க. அதுதான் கண்டென்ஸரின் மூக்கு.

தினமும் ஆஃப் பண்ணுவதற்கு முன் பத்து நிமிஷம் ஃபேனில் மட்டும் ஓட விட்டால் காயில் காயும், பூஞ்சை குறையும். ரூமில் கொஞ்சம் ஈரம் திரும்ப வரும், அதனால் காலையில் எழுந்த பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்வது நல்லது. கரண்ட் போய் வந்தால் உடனே போடாமல் மூணு நிமிஷம் விடணும். உள்ளே அழுத்தம் சமமாகும் முன் கம்ப்ரஸரைக் கிளப்பினால் அது திணறும். ஸ்டெபிலைசரில் இந்தத் தாமதம் தானாகவே இருந்தால் கவலையில்லை.

அந்த மெக்கானிக் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டேன், சண்டை போட இல்லை. கழற்றின அழுக்கின் ஃபோட்டோவையும் ரெண்டு நாள் வாட் கணக்கையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சீசன்ல ஒரு நாளைக்குப் பன்னெண்டு வீடு சார். சேஸிஸை இழுத்தா ரெண்டு மணி நேரம். சர்வீஸ்னு 500 ரூபாய் தருவாங்க, கேஸுன்னாதான் காசு" என்றார். நியாயமான பதில். நாமளும் நாலு நிமிஷத்தில் முடியும் சர்வீஸுக்குத்தான் பேரம் பேசுறோம். வருகிற பங்குனியில் சேஸிஸை இழுத்து முழுசாகக் கழுவ 1200 ரூபாய் என்று பேசியிருக்கோம். நானும் கூட நிற்பேன்.

அம்மா இப்போ ஏசி சத்தத்தைப் பற்றித்தான் குறை சொல்கிறார்கள். "நின்னு நின்னு ஓடுதுடா, ரிப்பேரா?" என்று கேட்டார்கள். குளிர்ந்ததால்தான் நிற்குதும்மா என்று சொன்னேன்.